ஒருவர்மேல் ஒருவர் பேசும் பதிவுகள்: முகத்தைக் கொண்டு குரலைப் பிரிக்கும்போது வரும் பழுதுகளும் அவற்றை நீக்கும் முறையும்

எங்கள் குழு ஊர்ப் பெரியவர்களைக் கூட்டாக உட்காரவைத்து, அவர்கள் நினைவில் உள்ள ஊர் வரலாற்றைக் காணொளியாகப் பதிவு செய்து எழுத்தாக்கி வருகிறது. நான்கு பேர் ஒரு திண்ணையில் அமர்ந்து, ஏரியின் மதகு எந்த வெள்ளத்தில் உடைந்தது என்று பேசத் தொடங்கினால், ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் ஆண்டைத் திருத்துவார். மூன்றாமவர் மதகின் பெயரையே திருத்துவார். நமக்கு வேண்டிய செய்தி பெரும்பாலும் அந்தத் திருத்தங்களில்தான் இருக்கிறது. ஒலியை மட்டும் கேட்டு எழுதும் மென்பொருள் சரியாக அந்த இடங்களில்தான் இரண்டு குரல்களையும் பிசைந்து ஒரே வாக்கியமாக்கிவிடுகிறது. ஆகவே, பேசுபவரின் முகத்தையும் உதட்டசைவையும் துணைக்குக் கொடுத்து, கலந்த குரல்களை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து, அதன்பின் உரையாக்கும் முறைக்கு மாறினோம். திரும்பத் திரும்ப வந்த பழுதுகளை, அவை கண்ணுக்குத் தென்படும் அறிகுறியின் வரிசையில் இங்கே தருகிறேன்.

நான் மனத்தில் வைத்துள்ள அமைப்பு இது. காணொளி நொடிக்கு 25 ஃப்ரேம்களாகவும் (தனித்தனிப் படங்களாகவும்) ஒலி நொடிக்கு 16,000 சாம்பிள்களாகவும் (ஒலி அளவீடுகளாகவும்) மாற்றப்படுகின்றன. ஒவ்வொரு முகமும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் பின்தொடரப்பட்டு ஒரு முகத்தடம் ஆகிறது. டாக்நெட் போன்ற ஒரு மாடல், அதாவது பல பதிவுகளைக் கொண்டு பயிற்சி பெற்ற கணினி நிரல், எந்தத் தடத்தில் உள்ளவர் எப்போது பேசுகிறார் என்று மதிப்பெண் தருகிறது. பேசுபவரின் வாய்ப்பகுதி 96-க்கு 96 பிக்சல் சதுரமாக வெட்டப்பட்டு, கலந்த ஒலியோடு சேர்த்துப் பிரிப்பு மாடலுக்குப் போகிறது. அது தரும் தனிக்குரல் விஸ்பர் போன்ற தமிழ் அறிந்த உரையாக்கிக்குப் போகிறது. உதட்டையும் ஒலியையும் சேர்த்து நேரடியாக எழுத்தாக்கும் மாடல்களும் உண்டு. ஆனால் அத்தகைய மாடல்களுக்குப் பயிற்சி தர 2023-இல் வெளியான மூவாவிக் என்ற காணொளித் தரவுத்தொகுப்பின் ஒன்பது மொழிகளில் தமிழ் இல்லை. பிரிப்பு மாடல் வாய் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பதைக் கொண்டே பெரும்பகுதி வேலையைச் செய்வதால், பிறமொழிப் பதிவுகளில் பயிற்சி பெற்றதும் தமிழுக்கு ஓரளவு கைகொடுக்கிறது. தமிழ்ப் பதிவுகளுக்கு இந்த இரண்டு கட்ட முறையையே நான் பரிந்துரைப்பேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் மாடலைச் சந்தேகிக்க வேண்டாம். என் கைக்கு வந்த பழுதுகளில் பெரும்பான்மையானவை மாடலுக்கு முன்பே, ஒலியும் படமும் ஒரே நேரத்தில் நிற்கின்றனவா, இந்தக் குரலுக்கு உரிய முகம் இதுதானா என்ற இரண்டு இடங்களில்தான் இருந்தன. மாடலை மாற்றுவதும் மறுபயிற்சி கொடுப்பதும்தான் அதிகச் செலவு பிடிக்கும் வழிகள் என்பதால், அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது.

அறிகுறி: முகத்தைச் சேர்த்தபின் முடிவு முன்னைவிட மோசமாகிறது

ஒலியை மட்டும் கொடுத்தபோது பாதியாவது புரிந்தது, முகத்தைச் சேர்த்ததும் சொற்கள் நடுவில் அறுபடுகின்றன என்றால், ஒலியும் படமும் விலகியிருக்கின்றன என்றே முதலில் கொள்ள வேண்டும். மாடல் மூடிய வாயைப் பார்க்கும் கணத்தில் அவருடைய குரலை அடக்குகிறது, திறந்த வாயைப் பார்க்கும்போது பக்கத்தில் உள்ளவரின் குரலை உள்ளே விடுகிறது; வேலை ஒழுங்காகத்தான் நடக்கிறது, நேரம்தான் தவறியிருக்கிறது.

இதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஒலி படத்துக்கு முந்தினால் ஏறத்தாழ 45 மில்லி வினாடியிலும், பிந்தினால் ஏறத்தாழ 125 மில்லி வினாடியிலும்தான் மனிதர்கள் அதை உணரத் தொடங்குகிறார்கள் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரை வகுத்துள்ளது. நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் 40 மில்லி வினாடி; ஒலி மூன்று ஃப்ரேம் பிந்தியிருந்தாலும் நமக்கு எல்லாம் சரியாகவே தோன்றும், மாடலுக்கோ அது வேறொரு எழுத்தின் வாயாகிவிடும்.

எளிய சோதனை கைதட்டல். பதிவின் தொடக்கத்தில் யாரேனும் கேமராவுக்கு முன் ஒருமுறை கைதட்டியிருந்தால், உள்ளங்கைகள் சேரும் ஃப்ரேமையும் ஒலி அலையின் கூர்முனையையும் ஒப்பிட்டு வித்தியாசத்தை அளந்துவிடலாம். கைதட்டல் இல்லையென்றால் மேசையில் டம்ளர் வைக்கப்படும் கணம் போன்ற ஒன்றைத் தேட வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால், ஒருவர் மட்டும் தனியாகப் பேசும் அரை நிமிடத் துண்டைச் சிங்க்நெட்டுக்குக் கொடுக்கலாம். 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட அந்த மாடல், விலகலை ஃப்ரேம் கணக்கிலும் கூடவே ஒரு நம்பக மதிப்போடும் தரும். இங்கே ஒரு கவனம் தேவை. அதன் வழக்கமான அமைப்பு இருபக்கமும் 15 ஃப்ரேம் வரைதான், அதாவது 0.6 நொடிதான், தேடிப் பார்க்கும். விலகல் அதற்கு மேல் இருந்தால் அது ஏதோ ஓர் எண்ணைத் தந்துவிடும். நம்பக மதிப்பு தாழ்ந்திருப்பதைக் கொண்டே அது பிழை என்று அறிய முடியும். ஆகவே கையால் தோராயமாகப் பொருத்திவிட்டு, மிச்சத்தை அளக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

காரணங்களில் அடிக்கடி வருவது ப்ளூடூத் மைக். அதன் தாமதம் 100 மில்லி வினாடிக்கு மேல் போவது சாதாரணம். அடுத்தது, ஒலியைத் தனி ரெக்கார்டரில் எடுத்துப் பிறகு கையால் சேர்த்த பதிவு. தூரத்தின்மீது பழி போடுவதற்கு முன் கணக்கிட்டுப் பாருங்கள்: ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லி வினாடி எடுக்கிறது, பத்து மீட்டர் தள்ளி உள்ள கேமரா மைக் என்றாலும் ஒரு ஃப்ரேமுக்குக் குறைவான தாமதமே வரும்.

அறிகுறி: தொடக்கத்தில் நன்றாக இருக்கிறது, போகப் போகக் கெடுகிறது

இது மேலே சொன்னதன் உடன்பிறப்பு. முதல் பத்து நிமிடம் தெளிவாகப் பிரிந்த குரல்கள் ஒரு மணி நேரத்துக்குப் பின் ஒன்றையொன்று விழுங்கினால், விலகல் நிலையானது அன்று, வளர்ந்துகொண்டே போகிறது. எனவே தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை என இரண்டு இடங்களில் அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

வேறுபட்டால், முதலில் கைப்பேசியைச் சந்தேகியுங்கள். கைப்பேசிக் கேமராக்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப நொடிக்கு எத்தனை ஃப்ரேம் எடுப்பது என்பதைத் தாமே கூட்டிக் குறைக்கும். கோப்பில் அறிவிக்கப்பட்ட ஃப்ரேம் வேகமும் சராசரி ஃப்ரேம் வேகமும் ஒன்றாக உள்ளனவா என்று, கோப்பின் விவரங்களைக் காட்டும் எஃப்எஃப்புரோப் என்ற கருவி கொண்டு பாருங்கள். வேறுபட்டால், முகத்தைத் தேடத் தொடங்கும் முன்பே எஃப்எஃப்எம்பெக் என்ற காணொளி மாற்றும் கருவி கொண்டு மாறா வேகத்துக்கு, நொடிக்கு 25 ஃப்ரேமுக்கு, முழுக் கோப்பையும் மாற்றிக்கொள்ள வேண்டும். முகத்தடங்களை எடுத்துவிட்டு அதன்பின் மாற்றினால் தட எண்களெல்லாம் வேறு நேரத்தைக் காட்டும். முழு வேலையையும் மறுபடி செய்ய வேண்டிவரும்.

இரண்டாவது காரணம் நொடிக்கு 29.97 ஃப்ரேம் என்பதை 30 என்று எடுத்துக்கொள்வது. ஆயிரத்தில் ஒரு பங்கு என்று அலட்சியப்படுத்தத் தோன்றும். ஒரு மணி நேரத்தில் அது 3.6 நொடி. மூன்றாவது காரணம் தனி ரெக்கார்டரின் கடிகாரம். பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகினால் ஒரு மணி நேரத்துக்கு 180 மில்லி வினாடி, அதாவது நான்கு ஃப்ரேமுக்கு மேல் சேர்ந்துவிடும். இரண்டு முனைகளிலும் அளந்த விலகலை வைத்து ஒலியைச் சீராக நீட்டியோ சுருக்கியோ கொண்டால் இது தீரும்.

நடு நடுவே திடீர் திடீரென விலகல் தாவுகிறது என்றால், பதிவின்போதே ஃப்ரேம்கள் விடுபட்டிருக்கின்றன அல்லது கோப்பு பழுதடைந்திருக்கிறது. அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, மூலக் கோப்போடு ஒரு காணொளித் தொகுப்பாளரை அணுகுவதே நல்லது. நாங்கள் ஒருமுறை இதைக் கையால் துண்டு துண்டாகச் சரிசெய்யப் போய் இரண்டு வாரத்தை இழந்தோம்; பின்னர் ஒரு தொகுப்பாளர் அதே வேலையை அரை நாளில் முடித்துக்கொடுத்தார்.

அறிகுறி: சொற்கள் சரி, சொன்னவர் தவறு

ஒலியை மட்டும் வைத்துப் பிரிக்கும்போது எந்தக் குரல் எவருடையது என்பது துண்டுக்குத் துண்டு இடம் மாறிவிடும். முகத்தைச் சேர்ப்பதன் பெரிய பயனே அந்த ஐயம் நீங்குவதுதான். ஆனால் முகமே தவறானால், எழுத்தாக்கத்தில் பிழை இருப்பதாகவே தெரியாது. வாக்கியங்கள் ஒழுங்காக இருக்கும், ஒருவர் சொன்னது இன்னொருவர் பெயரில் பதிவாகிவிடும். வாய்மொழி வரலாற்றில் இதைவிட மோசமான பழுது இல்லை என்பேன்.

முகத்தட எண்ணையும் பேசும் மதிப்பெண்ணையும் காணொளியின் மேலேயே எழுதவைத்து, இருமடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதே சோதனை. டாக்நெட்டின் செயல்விளக்க நிரல் பேசுபவர் முகத்தைப் பச்சைக் கட்டத்திலும் பேசாதவரைச் சிவப்புக் கட்டத்திலும் காட்டும், அதுவே போதும்.

*கட்டம் ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்குத் தாவுகிறது என்றால்:* யாரேனும் கேமராவுக்குக் குறுக்கே நடந்திருப்பார், அல்லது காட்சி வெட்டு வந்திருக்கும். முகத்தடங்கள் அடுத்தடுத்த ஃப்ரேம்களில் கட்டங்கள் எவ்வளவு ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன என்பதைக் கொண்டே இணைக்கப்படுவதால், வெட்டுக்கு முன் ஒருவர் இருந்த இடத்தில் வெட்டுக்குப் பின் வேறொருவர் இருந்தால் இருவரும் ஒரே தடமாகிவிடுவர். காட்சி வெட்டுகளை முதலில் கண்டறிந்து தடங்களை அங்கே அறுத்துவிடுங்கள்; பின்னர் முக அடையாள எண்வரிசையை (ஒருவர் முகத்தின் சாயலை எண்களாகக் குறிப்பதை) கொண்டு ஒரே ஆளின் துண்டுகளை மீண்டும் சேர்க்கலாம்.

*பேசாதவர் பச்சையில் வருகிறார் என்றால்:* அவர் வாய் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள். எங்கள் பதிவு ஒன்றில் ஓரத்தில் அமர்ந்திருந்த ஒரு தாத்தா ஏறத்தாழ இருபது நிமிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் எழுத்தாக்கத்தில் பாதிப் பேச்சு அவர் பெயரில் இருந்தது. கட்டத்தைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். தாடை ஏறி இறங்குவதும் உதடுகள் குவிந்து விரிவதும் பேச்சைப் போலவே இருந்தன; பக்கத்தில் இருவர் சேர்ந்து பேசியதால் ஒலியும் விடாமல் இருந்தது, மாடல் இரண்டையும் இணைத்துவிட்டது. அத்தகைய தடத்துக்கு மதிப்பெண் வரம்பை உயர்த்தலாம், அல்லது அவர் பேசாத நேரத்தைக் கையால் குறித்து விலக்கலாம். பொது வரம்பை எல்லோருக்கும் உயர்த்திவிடாதீர்கள். மெல்லப் பேசும் பாட்டி முதலில் காணாமல் போவார்.

சுவரில் மாட்டிய புகைப்படங்களும் பின்னால் ஓடும் தொலைக்காட்சியும் முகமாகக் கண்டறியப்படும். அசையாத தடங்களை நீக்கிவிட்டால் புகைப்படம் போய்விடும். தொலைக்காட்சியின் தடத்தைக் கையால்தான் நீக்க வேண்டும்.

அறிகுறி: முகத்தைச் சேர்த்தும் சேர்க்காமலும் ஒரே முடிவு

மாடல் முகத்தைப் பார்க்கவே இல்லை என்பது இதன் பொருள். உறுதிப்படுத்த ஒரு நல்ல சோதனை உண்டு: இருவர் பேசும் துண்டில் இருவரின் வாய்ப் படங்களையும் இடம் மாற்றிக் கொடுங்கள். வெளிவரும் குரல்களும் இடம் மாறினால் மாடல் முகத்தைப் பார்க்கிறது, மாறாவிட்டால் பார்க்கவில்லை.

பார்க்காததற்கு எளிய காரணம், வெட்டிய வாய்ப் படங்கள் வாயாக இல்லாததுதான். இருபது படங்களைத் திறந்து பாருங்கள். மூக்கின் மேல் வெட்டு விழுந்திருக்கலாம், முழுக் கறுப்பாக இருக்கலாம், முகம் சாய்ந்த இடங்களில் கன்னம் மட்டுமே இருக்கலாம். அடுத்த காரணம், மாடல் பயிற்சி பெற்றபோது படங்கள் எப்படி இயல்பாக்கப்பட்டனவோ, அதாவது அவற்றின் ஒளி எண்கள் எந்த அளவுக்குள் கொண்டுவரப்பட்டனவோ, அப்படிக் கொடுக்காதது. எடுத்துக்காட்டாக, உதட்டையும் ஒலியையும் சேர்த்துப் படிக்கும் ஏவி-ஹியூபர்ட் என்ற மாடல் 96 பிக்சல் படத்தின் நடுவிலிருந்து 88 பிக்சலை வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கி, 0.421 என்ற சராசரியையும் 0.165 என்ற திட்ட விலக்கத்தையும் கொண்டு இயல்பாக்குகிறது. பிக்சல்களின் 0 முதல் 255 வரையான ஒளி எண்களை அப்படியே கொடுத்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, பயனும் வராது. இரண்டும் சரியாக இருந்தும் சோதனை தோற்றால், மாடலே பயிற்சியின்போது ஒலியை மட்டும் நம்பப் பழகிவிட்டது. நீங்களே பயிற்சி கொடுத்த மாடல் என்றால் மறுபயிற்சிதான் வழி. பேச்சுத் தொழில்நுட்பத்தில் ஆய்வு செய்யும் ஒருவரோடு சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது.

அறிகுறி: இன்னொருவர் குரல் கசிகிறது, அல்லது குரல் அமுங்கிக் கேட்கிறது

ஒருவர்மேல் ஒருவர் பேசும் இடத்தின் மூல ஒலியை ஹெட்ஃபோனில் கேளுங்கள். இரண்டு குரல்களும் மங்கலாகவேனும் உங்கள் காதில் விழுகின்றனவா? விழவில்லையென்றால் எந்த மாடலாலும் மீட்க முடியாது. இணையவழிக் கூட்டங்களின் பதிவுகளில் இதுதான் நடக்கிறது: மென்பொருளே ஓங்கிய குரலை வைத்துக்கொண்டு மற்றதை அடக்கிவிடுகிறது, பேசுபவரை மட்டும் பெரிதாகக் காட்டும் பார்வையில் பதிவு செய்திருந்தால் மற்றவரின் முகமும் இருப்பதில்லை. ஜூமில் பங்கேற்பவர் ஒவ்வொருவரின் ஒலியையும் தனிக் கோப்பாகக் கணினியில் சேமிக்கும் தெரிவு உண்டு. அடுத்த கூட்டத்தில் அதை இயக்கிவிட்டால், முகத்தின் துணையே தேவைப்படாது.

காதில் விழுகிறது என்றால் ஒலி அலையின் உச்சியைப் பாருங்கள். இருவர் ஒரே நேரத்தில் உரக்கப் பேசும்போது ஒலி மட்டம் எல்லையைத் தாண்டித் தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் கசிவு வந்தே தீரும். அடுத்து, மூலக் காணொளியில் வாய் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று அளந்து பாருங்கள். பத்துப் பிக்சல் அகலமுள்ள வாயை 96 பிக்சலுக்குப் பெரிதாக்கினால் சதுரம் பெரிதாகும், செய்தி பெருகாது. கூடத்தின் எதிரொலி, மாடல் இருவருக்குப் பயிற்சி பெற்றிருக்க நால்வர் சேர்ந்து பேசுவது ஆகியவை அதன்பின் வரும் காரணங்கள். எதிரொலிக்கு அதை நீக்கும் வடிகட்டியை முன்னால் சேர்த்துப் பார்க்கலாம், பயன் சிறிதளவே.

அறிகுறி: யாரும் பேசாத இடத்தில் சொற்கள் முளைக்கின்றன

பிரித்த குரலில் ஒருவர் பேசாத நேரம் ஏறக்குறைய மௌனமாக இருக்கும். விஸ்பர் போன்ற உரையாக்கிகள் மௌனத்திலும் வாக்கியம் எழுதிவிடும் இயல்புடையவை. ஒரே சொற்றொடர் பலமுறை திரும்ப வருவது இதன் தெளிவான அடையாளம். பேசும் மதிப்பெண் தாழ்ந்துள்ள பகுதிகளை உரையாக்கிக்கு அனுப்பாமல் விட்டால் பெரும்பாலும் நின்றுவிடும்.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய ஒன்று: ஒருவர் மட்டும் பேசும் இடங்களில் பிரித்த ஒலியை எடுக்காமல் மூல ஒலியையே கொடுங்கள். பிரிப்பு மாடல் எவ்வளவு நல்லதானாலும் ஒலியில் சிறு வடுக்களை விட்டுச் செல்லும். மனிதக் காது அவற்றைப் பொறுத்துக்கொள்ளும், உரையாக்கி தடுமாறும். இருவர் பேசும் இடங்களிலும் பிரித்த ஒலியோடு மூல ஒலியைச் சிறிதளவு கலந்து கொடுத்தால் எழுத்துப் பிழை குறைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: ‘அம்மா’ என்றது ‘அப்பா’ ஆகிறது

கண்ணாடி முன் நின்று இரண்டையும் ஒலி எழுப்பாமல் சொல்லிப் பாருங்கள். உதடுகள் இரண்டுக்கும் ஒன்றுபோலவே மூடித் திறக்கும். வேறுபாடு மூக்கில் இருக்கிறது, கேமராவுக்கு அது தெரியாது. மரம், பரம், மாடு, பாடு, மடி, படி எல்லாம் இதே வகை. ல, ள, ழ, ண ஆகியவற்றின் வேறுபாடு வாய்க்குள்ளே நாக்கில் நடப்பதால் அதுவும் முகத்தில் தெரியாது. இந்தப் பிழைகளை முகத்தைக் கொண்டு நீக்க முயன்று நேரத்தைச் செலவிட வேண்டாம். மைக்கைப் பேசுபவருக்கு அருகில் கொண்டுபோவதும், ஊர்ப்பெயர், ஆள்பெயர்ப் பட்டியலை உரையாக்கிக்கு முன்கூட்டியே கொடுப்பதுமே பயன் தரும்.

அறிகுறி: சிலரிடம் மட்டும் வேலை செய்வதில்லை

வாய் மறைந்திருக்கிறதா என்று பாருங்கள்; முகக்கவசம், அடர்ந்த மீசை, பக்கவாட்டாகத் திரும்பிய முகம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கைமைக். மேடையில் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடிப்பது நம் பழக்கம். கேமராவுக்குத் தெரிவது மைக்கின் உருண்டைத் தலை மட்டுமே. வாய் தெரியாத ஃப்ரேம்களை மாடலுக்குக் கொடுப்பதைவிட, அந்த நொடிகளில் ஒலிமட்டுமான பிரிப்புக்கு மாறிவிடுவது பாதுகாப்பானது. அடுத்த பதிவில் சட்டையில் குத்தும் சிறு மைக்கையும், முகங்களுக்கு நேர் எதிரே கண்மட்டத்தில் ஒரு கேமராவையும் வைத்தால், மென்பொருளில் ஒரு மாதம் உழைத்துப் பெறுவதைவிட அதிகம் கிடைக்கும்.

கை வைக்கக் கூடாத பதிவுகள்

விசாரணைக்கோ வழக்குக்கோ உரிய பதிவு, மருத்துவர் நோயாளி உரையாடல் ஆகியவற்றை இந்த வழியில் நீங்களே பிரிக்க வேண்டாம். பிரித்த குரல் என்பது மாடல் கணித்து உருவாக்கிய ஒலி. அதில் இல்லாத அசை சேர்ந்திருக்கலாம், இருந்தது போயிருக்கலாம். அவை தடயவியல் ஒலி வல்லுநரின் பொறுப்பு. அவரிடம் கொடுக்கும்போது, வெட்டாத, மாற்றாத மூலக் கோப்பையும், அது எந்தக் கருவியில் எந்த அமைப்பில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பையும் கொடுங்கள். எங்கள் பதிவுகளிலும் பிரித்த ஒலியிலிருந்து எழுதிய ஒவ்வொரு வரிக்கும் அருகே மூலக் கோப்பின் நேரத்தை இட்டு, பேசியவரையே அழைத்து அந்த இடத்தைப் போட்டுக் காட்டி, தாம் சொன்னது அதுதான் என்று அவர் ஒப்பிய பிறகே அவர் பெயரைச் சேர்க்கிறோம்.